இரண்டு நாள் பயிற்சியில் நாமே ஒரு கத்தி அடித்துவிட முடியுமா?

லாஸ்பேட்டையில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: புதுச்சேரிக்கு வெளியே ஒரு பட்டறையில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கொல்லுவேலைப் பயிற்சி நடத்துகிறார்களாம்; முதல் நாள் காலையில் ஓர் இரும்புப் பட்டையைக் கையில் கொடுப்பார்களாம், இரண்டாம் நாள் மாலை அவரவர் அடித்த கத்தியோடு வீட்டுக்குப் போகலாமாம். தாம் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றும், சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லை என்றும், அப்படிச் செய்யும் கத்தி அடுக்களையில் உழைக்குமா, அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தானா என்றும் கேட்கிறார். போவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு கேள்வி.

உழைக்கும் கத்தியாகவே வரும். ஒரு பாலிடெக்னிக்கின் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயிற்றுநராக இருந்துவிட்டு, இப்போது இத்தகைய வகுப்புகளுக்குக் கூடமாட ஒத்தாசைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தம் கையில் வலு போதுமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். நான் உதவிக்கு இருந்த ஒரு வகுப்பில், உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தவறாமல் போகும் இளைஞர்கள் நால்வர் இருந்தும், நல்ல அலகு அமைந்தது வில்லியனூரிலிருந்து வந்த தையற்காரப் பெண்மணி ஒருவருக்குத்தான். அவர் குறைவாக அடித்தார். ஒவ்வோர் அடிக்கு முன்னும் இரும்பைப் பார்த்தார். இரண்டு நாளில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவதில் முக்கால் பங்கு நிறம் பார்ப்பதுதான். சுத்தியல் கத்திக்கு உருவம் கொடுக்கிறது. அது வெட்டுமா வெட்டாதா என்பதை முடிவு செய்வது, உலையிலிருந்து எடுத்து எண்ணெயில் இறக்கும் அந்தச் சில நொடிகளும் அதற்குப் பின் வரும் மெல்லிய சூடும்தான்.

முதலில் இரும்பு. கட்டடக் கம்பியிலும் இரும்புக் கதவு செய்யும் பட்டையிலும் கரிமம் 0.3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. அதைக் கத்தி வடிவத்துக்கு அழகாக அடிக்கலாம், மெருகும் ஏறும். ஆனால் எத்தனை முறை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கடினப்படாது, நாலு தக்காளி அரிவதற்குள் மழுங்கிவிடும். கத்திக்குக் குறைந்தது 0.5 விழுக்காடு கரிமமாவது வேண்டும். லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை கரிமமும், அதோடு சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் ஆகியவற்றில் ஒன்றிரண்டும் இருக்கும். அடி தாங்கும், எண்ணெயிலேயே நன்றாகக் கடினப்படும், சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே புதியவர்களுக்கு இதைவிடத் தோதான எஃகு நம் பக்கத்தில் இல்லை. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் லாரி முனையம் போல வண்டிகள் வந்து நிற்கும் இடங்களின் சுற்றுவட்டாரத்தில் பழைய பட்டைகள் எடைக்குக் கிடைக்கும் என்பதால் பயிற்சி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அதையே வாங்குகிறார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும். அவை அடிக்கும்போது தெரியாமல் தோய்க்கும்போதுதான் வாயைத் திறக்கும். புதிதாக வாங்கிய ஈஎன் 45 என்ற ஸ்பிரிங் எஃகுப் பட்டையைத் தருகிறோம் என்று ஒரு பட்டறை சொன்னால், கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே போங்கள். பேரிங்கு எஃகான ஈஎன் 31-இல் ஒரு விழுக்காடு கரிமம் இருப்பதால் வாய் இன்னும் நீடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது சுத்தியலுக்கு எளிதில் வளைந்து கொடுக்காது, சூட்டில் செய்யும் பிழையை மன்னிக்கவும் செய்யாது. டமாஸ்கஸ் என்ற பெயரில் வரி வரியாக மின்னும் பாளத்தைத் தருகிறோம் என்பவர்களிடம், அந்தப் பாளத்தைச் சேர்த்து அடித்தது யார் என்று கேட்டுவிடுங்கள். அநேகமாக அது வேறெங்கோ அடுக்கிப் பற்றவைத்து வந்ததாக இருக்கும். உங்கள் பங்கு அதைத் தேய்ப்பது மட்டுமாக இருக்கும்.

200 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை ஏறக்குறைய 280 கிராம் எடையிருக்கும். அடுக்களைக் கத்திக்கு இது தாராளம். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் மேற்பரப்பு செதிலாக உதிர்வதும், கடைசியில் சாணையில் தேய்ந்து போவதும் சேர்ந்து, கையில் மிஞ்சுவது இதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

அடுத்தது நெருப்பு. கரி உலையானாலும் வாயு உலையானாலும் கத்தி வரும். எனக்குக் கரிதான் பிடிக்கும்; கடலூர்க் கடற்கரையோரம் விளையும் சவுக்கின் கரி கனமானது, நின்று எரியும், நிலக்கரியைப் போலக் கந்தகத்தை இரும்புக்குள் ஏற்றாது. நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கிருந்து எதையாவது கொண்டுவந்து எரிக்கலாமே என்று ஒரு மாணவர் ஒருமுறை கேட்டார். அங்கே வெட்டி எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரமாகவே இருக்கும் என்பதால் புகைதான் மிஞ்சும், கொல்லுலைக்கு வேண்டிய குவிந்த சூடு கிடைக்காது. கரி என்றதும் பரங்கிப்பேட்டையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடிவதில்லை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் அங்கே தொடங்கிய இரும்பாலை, சேலத்துத் தாதுவை மரக்கரி கொண்டுதான் உருக்கியது. கரிக்கு மரம் கிடைப்பது அருகிப் போனது அந்த ஆலையைப் பிடித்த நோய்களில் ஒன்று. இதே ஹீத் பின்னர் இங்கிலாந்தில், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். நீங்கள் குறட்டில் பிடிக்கப்போகும் ஸ்பிரிங் பட்டையிலும் மாங்கனீசு இருக்கிறது.

வாயு உலையில் சூடு சீராக இருக்கும், புதியவர்கள் இரும்பை எரித்துவிடும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அது காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் இருந்தால் உள்ளே போகாதீர்கள். அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரை உலைக்கு மாட்டியிருந்தால், விதியை மீறுவதை வழக்கமாகக் கொண்ட இடம் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி நிறம். ஏறத்தாழ 700 பாகை செல்சியசில் இரும்பு காய்ந்த மிளகாயின் கருஞ்சிவப்பில் இருக்கும். அந்நிலையில் அடித்தால் அது நகராமல் உள்ளுக்குள் கீறிக்கொள்ளும். 800-ஐ நெருங்கும்போது பழுத்த மிளகாயின் சிவப்பு வரும். 950, 1000 என்று ஏறும்போது கனகாம்பர நிறம். உருட்டித் திரட்டும் வேலையெல்லாம் அங்கே தொடங்கிச் சாமந்தி மஞ்சள் வரை நடக்க வேண்டும். அதையும் தாண்டி வெளுத்து, மத்தாப்புப் போலப் பொறி சிந்தினால் எஃகு எரிகிறது என்று பொருள். எரிந்த பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த நிறங்களை வெயிலில் பார்க்க முடியாது. நம் ஊர் உச்சி வெயிலில் கருப்பாகத் தெரியும் பட்டை, நிழலுக்குள் கொண்டுபோனால் சிவந்திருக்கும். பழைய கொல்லுப்பட்டறைகள் தாழ்ந்த கூரையும் அரையிருட்டுமாக இருந்ததற்கு இது முக்கியமான காரணம். வறுமை மட்டும் காரணமில்லை. வகுப்பு நடக்கும் இடத்தின் படத்தை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். திறந்த வெளியில் பந்தல் துணிக்கு அடியில் உலை இருந்தால், அங்கே நிறம் சொல்லித்தர முடியாது.

அடிக்கும் வேலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, செய்து பழக வேண்டியது அது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட சுத்தியலைப் புதியவர் கேட்கக் கூடாது. விரல்களை இறுக்காமல், பிடியின் கோடிப் பக்கத்தில் பிடித்து, சுத்தியலின் எடையையே விழவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீப்பைக்கூடத் தூக்க முடியாது. 6 மில்லிமீட்டர் பட்டை பட்டடைக்கல்லைத் தொட்டதுமே அதற்குள் சூட்டைப் பறிகொடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு காய்ச்சலுக்குப் பத்துப் பதினைந்து நொடிதான் உங்களுக்கு. எந்த இடத்தில் எத்தனை அடி என்பதை இரும்பு உலைக்குள் இருக்கும்போதே முடிவு செய்துகொண்டு எடுக்க வேண்டும். எல்லோரும் விழும் இரண்டு குழிகளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முனையைத் திரட்டும்போது மேலும் கீழும் உள்ள சதை முன்னால் ஓடி, நடுப்பகுதி பின்தங்கி, மீன் வாயைத் திறந்ததுபோலப் பிளவுபடும். அதை அப்படியே மூடி அடித்தால் உள்ளே ஒட்டாத மடிப்பாக நின்றுவிடும். பட்டையின் ஒரு மூலையை முதலிலேயே சாய்வாக வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மற்றது வளைவு. வாய்ப்பக்கத்தை அடித்து மெலியச் செய்யும்போது அந்தப் பக்கம் நீளும், முதுகுப்பக்கம் நீளாது. கத்தி பிறைபோல முதுகை நோக்கி வளைந்துகொண்டே போகும். ஆகையால் வாயை அடிக்கத் தொடங்குமுன் பட்டையை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்துக்கொள்ள வேண்டும். அது தானாக நிமிர்ந்து நேராகும்போது பார்க்கிறவர்களுக்கு ஏதோ கண்கட்டு வித்தையாகத் தெரியும். வாயை ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குக் கீழே அடிக்காதீர்கள். அதைவிட மெலிந்த வாய் தோய்ச்சலில் நெளிந்துவிடும். மெலிந்த பக்கம் உலையில் முந்திக் காயும் என்பதால் அதற்குப் பிறகு முதுகைத்தான் நெருப்புக்குக் காட்ட வேண்டும்.

உருவம் வந்தபின், மிளகாய்ச் சிவப்பு வரை காய்ச்சி, காற்றிலேயே கருக்கும்வரை ஆறவிடுவதை மூன்று முறை செய்வார்கள். சும்மா வைத்திருக்கிறார்களே என்று உங்களுக்குச் சலிப்புத் தட்டலாம். அடிபட்டதில் எஃகுக்குள் ஏறிய இறுக்கம் தளர்வதும், அதன் பெருத்த படிக மணிகள் பொடிவதும் அப்போதுதான். இதைச் செய்யாமல் நேராகத் தோய்ச்சலுக்குப் போகும் பட்டறை அவசரப்படுகிறது.

தோய்ச்சலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டே விளக்குகிறேன். நான் முதன்முதலாக அடித்த கத்தியும் லாரிப் பட்டைதான். ஊர்ப் பட்டறையில் அரிவாளைத் தண்ணீரில் முக்கிச் சீறவிடுவதைச் சிறு வயதில் பார்த்திருந்ததால், நானும் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, செக்கச்செவேலென்று காய்ந்த அலகை அதில் இறக்கினேன். சீறல் அடங்கும் நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து வெண்கலக் கிண்ணத்தை நகத்தால் சுண்டினாற்போல ‘டிங்’ என்று ஓர் ஒலி கேட்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது வாயிலிருந்து நடு அலகு வரை மயிரிழை போல ஒரு கோடு. மூன்று வார மாலை நேரங்கள் அந்த ஒலியோடு போயின. ஊர்ப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் அடித்த அரிவாள்களில் உடல் மென்னிரும்பாகவும் வாயில் மட்டும் எஃகு வைத்து ஒட்டியதாகவும் இருந்ததுண்டு. அதற்குத் தண்ணீர் ஒத்துவரும். முழுவதும் ஸ்பிரிங் எஃகான அலகுக்கு அது ஒத்துவராது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நடப்பது இதுதான். ஏறக்குறைய 730 பாகைக்கு மேல் எஃகின் அணு அடுக்கு மாறி, ஆஸ்டெனைட் என்ற நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் கரிமம் உப்பு தண்ணீரில் கரைவதுபோல இரும்புக்குள் கரைந்துவிடும். மெதுவாக ஆறினால் கரிமம் பிரிந்து தன் வழியே போய்விடும், இரும்பு மென்மையாகிவிடும். சில நொடிகளுக்குள் சூட்டைப் பிடுங்கினால் கரிமம் வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ள, மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான நிலை பிறக்கிறது. இப்படி மாறும்போது எஃகு சற்றே பருக்கும். தண்ணீர் மட்டுமீறிய வேகத்தில் சூட்டைப் பறிப்பதால், மேற்புறம் முந்திக் கெட்டித்துவிட்ட பிறகு உட்புறம் பருக்கத் தொடங்குகிறது. அந்த இழுபறியில்தான் என் அலகு பிளந்தது. எண்ணெய் சற்று நிதானமானது, ஸ்பிரிங் எஃகுக்கு அந்த வேகமே போதும்.

சரியான சூட்டைக் கண்டுபிடிக்க எல்லா வகுப்புகளிலும் ஒரு காந்தத்தைத் தருவார்கள். 770 பாகையை எட்டும்போது இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் சிறிது, ஸ்பிரிங் எஃகுக்கு 820 அல்லது 840 பாகை வரை, ஏற்றிவிட்டுத் தோய்க்க வேண்டும். காந்தம் நல்ல வழிதான். ஆனால் அதைவிட நேர்த்தியான அடையாளம் ஒன்று இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மெதுவாகக் காயும் அலகை இருட்டில் பார்த்துக்கொண்டிருந்தால், சிவந்த உடலுக்குள் மேகத்தின் நிழல் வயலில் நகர்வதுபோல ஒரு மங்கல் நகரும். அணு அடுக்கு மாறுவதற்கு எஃகு சூட்டை உள்வாங்கிக்கொள்வதால் அந்த இடம் மட்டும் சற்று நேரம் பின்தங்கித் தெரிகிறது. மெலிந்த வாயில் முதலில் தெளிந்து, முதுகை நோக்கி ஒதுங்கி, கடைசியில் நிழல் முழுவதும் மறையும். அது மறைந்து அலகு ஒரே சீரான நிறத்தில் கொஞ்சம் நின்றதும் எடுக்க வேண்டியதுதான். இதை ஒருமுறை பார்த்தவருக்குக் காந்தம் தேவைப்படாது.

எண்ணெய்க்கு நம் பக்கத்தில் கடலை எண்ணெயே போதும். ஒரு கத்திக்கு நாலைந்து லிட்டராவது இருக்க வேண்டும், உயரமான இரும்புப் பாத்திரத்தில் இருக்க வேண்டும், 50 முதல் 60 பாகை வரை சூடாக்கியிருக்க வேண்டும். சூடான எண்ணெய் இளகி அலகை நன்றாகத் தழுவுவதால் குளிர்ந்த எண்ணெயைவிட வேகமாகச் சூட்டை வாங்குகிறது. கேட்கத் தலைகீழாகத் தோன்றினாலும் உண்மை இதுதான். வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை வைத்திருந்தால் அதன் புகையை முகர வேண்டாம், விலகிவிடுங்கள். அலகை முனை கீழாக, நேராக, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். தயங்கிப் பாதியில் நிறுத்தினால் எண்ணெய் மட்டத்தில் தீ பிடிக்கும். உள்ளே போனபின் வெட்டும் திசையில் முன்னும் பின்னும் ஆட்டலாம், பக்கவாட்டில் ஆட்டினால் அலகு கோணிக்கொள்ளும். தீப்பிடித்தால் மூடியால் மூடுவார்கள். ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளியே எடுத்ததும் பழைய அரம் ஒன்றை வாயில் இழுத்துப் பார்ப்பார்கள். அரம் பிடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கினால் தோய்ச்சல் பலித்துவிட்டது.

பலித்த அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது கத்தி வடிவக் கண்ணாடி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியில் மேசை விளிம்பில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போன ஒருவருடைய அலகு, சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டானதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் உடனடியாக மறுசூடு காட்டியாக வேண்டும். 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் இரண்டு மணி நேரம். கேக் சுடும் சிறிய மின் அடுப்பே இதற்குப் போதும். அதன் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வைத்து, தட்டில் மணல் பரப்பி, அதன்மேல் கத்தியைக் கிடத்தினால் சூடு ஏறி இறங்காமல் இருக்கும். கடினம் சிறிது குறையும், அதற்குப் பதிலாக உறுதி வரும்.

மின் அடுப்பு இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதை எனக்குக் காட்டியவர் கடலூர் முதுநகரில் படகுச் சாமான்களும் அரிவாளும் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அவர் அரிவாளின் வாயை மட்டும் ஓர் அங்குலம் தோய்த்து எடுத்து, செங்கல் துண்டில் பரபரவென்று நாலு இழுப்பு இழுத்து, வெளுத்த இரும்பு தெரியும்படி செய்வார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி ஊறி வரும். அது வரவர வெளுத்த இடத்தில் நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பொன், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 210 பாகை, நீலம் 290, 300. “கண்ணை எடுக்காதீங்க தம்பி, பொன்னு வந்ததும் தண்ணி காட்டிடணும். மயில்கழுத்து வந்துட்டா வாய் மடங்கிப்போகும், அப்புறம் மம்மட்டிக்குத்தான் ஆகும்” என்பார். மூன்று நொடி பிந்தினால் பொன் போய் ஊதா வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை அரிவாள் அடித்தாலும் அந்த நொடியில் அவர் யாரோடும் பேசியதில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுத் தொடங்கும் பருவத்தில் அவர் பட்டறையில் நிற்க இடமிருக்காது, அப்போதும் அப்படித்தான்.

சாணை பிடிப்பதும் பிடி போடுவதும் இரண்டாம் நாள் பிற்பகலில் நடக்கும். தோய்ச்சலுக்குப் பின் இயந்திரச் சாணையில் பிடிக்கும்போது இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் நனைக்க வேண்டும். வாய் நீலம் பாய்ந்துவிட்டால் பெரியவர் சொன்ன அதே கேடுதான், அந்த இடத்தில் மட்டும் கத்தி செத்துவிடும். பிடிக்குப் பூவரசும் புளியும் நம் கடற்கரைக் காற்றுக்கு ஈடுகொடுக்கும். பித்தளை ஆணியும் அரால்டைட்டும் போட்டுப் பூட்டுவார்கள். முன்பெல்லாம் பிடிக்குள் போகும் வால்பகுதியைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, அரக்கு உருக்கி ஊற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையைப் பயன்படுத்தினால் அவசரத்துக்கு உதவும், அடுக்களை ஈரத்துக்கு நிற்காது. மெதுவாக இறுகும் வகையைக் கேட்டு வாங்கி, ஒரு முழு நாள் கத்தியைத் தொடாமல் வையுங்கள்.

பதிவு செய்யுமுன் தொலைபேசியில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஓர் உலைக்கு எத்தனை பேர், தோய்ச்சலை நான் செய்வேனா நீங்கள் செய்து தருவீர்களா, மறுசூட்டுக்கு என்ன ஏற்பாடு. உலைக்கு இருவர் என்றால் நன்று. நால்வர் என்றால் பாதி நேரம் வரிசையில் நிற்பீர்கள். தோய்ச்சலை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. அலகு பிளந்தாலும் பரவாயில்லை, இன்னொரு பட்டை தருகிறோம் என்று சொல்கிறவர்களே ஆசிரியர்கள். ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்ற வகுப்புகளில், முந்தைய நாளே முக்கால் உருவம் கொடுத்து வைத்த அலகைத்தான் பெரும்பாலும் தருகிறார்கள், பொழுதுபோக்குக்குச் சரி.

உடைக்கு முரட்டுப் பருத்தி. பாலியெஸ்டர் சட்டையில் ஒரு பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கைலி, வேட்டி, செருப்பு எதுவும் வேண்டாம்; தோல் காலணியும் காற்சட்டையும் அணிந்து, காற்சட்டையின் கால்களைக் காலணிக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகினால் செதில் நேராகக் காலணிக்குள் இறங்கும். கண்ணாடியும் காதடைப்பும் பட்டறையில் தருவார்கள். சாணை இயந்திரத்தில் வேலை செய்யும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிட வேண்டும், துணியைச் சக்கரம் பிடித்தால் விரலோடு இழுத்துவிடும். பட்டறையில் சுடுபட்டவர்களில் சிவந்த இரும்பைத் தொட்டவரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் கருத்த இரும்பைத் தொட்டவர்கள். கருத்துத் தெரியும் இரும்பு 400 பாகையிலும் இருக்கலாம், எனவே கீழே கிடக்கும் எதையும் எடுக்குமுன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். துத்தநாகப் பூச்சுள்ள குழாய், ஆணி எதையும் உலையில் போடாதீர்கள். அந்தப் புகை இரவில் குளிர்க் காய்ச்சலைக் கொண்டுவரும். மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் தை, மாசி நல்லது. கத்திரி வெயிலில் உலை முன் நிற்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரி நமுத்துப்போய்ப் புகைந்துகொண்டே இருக்கும்.

எந்தக் கத்தி செய்வது என்பதற்கு, 5 அல்லது 6 அங்குல அலகுள்ள காய் நறுக்கும் கத்தி என்பேன். படங்களில் வரும் இருபுறக் கூருள்ள வாள், குத்துவாள் ஆகியவற்றில் ஆசை வைக்காதீர்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தி, வாள் முதலியவற்றை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என வடிவமைத்தவை மட்டுமே அதற்கு விலக்கு.

வீட்டுக்கு வந்தபின் இந்தக் கத்தி கடையில் வாங்கிய துருப்பிடிக்காத கத்தியைப்போல நடந்துகொள்ளாது. கழுவாமல் இரவு முழுவதும் தொட்டியில் போட்டுவைத்தால் காலையில் செம்மண் பூசியதுபோல இருக்கும். நம் ஊர் உப்புக் காற்றில் அலமாரிக்குள்ளேயே கூடப் பிடிக்கும். பயன்படுத்தியதும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியில் தொட்ட அளவு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் போதும். எலுமிச்சையும் மாங்காயும் அரிந்தால் முதல் வாரத்தில் அலகு கருநீலமாகக் கறுக்கும், காயிலும் சிறிது இரும்பு வாடை ஏறும். அதைத் தேய்த்து வெளுக்கச் செய்ய வேண்டாம். அந்தக் கறுப்பு படிந்துவிட்டால் துரு பிடிப்பது குறையும், வாடையும் போய்விடும். வஞ்சிரத்தின் நடுமுள்ளை இதனால் வெட்டாதீர்கள், அதற்குக் கனத்த கத்தி வேறு. இரு பக்கமும் 15 முதல் 20 பாகைச் சாய்வில், சொரசொரப்பும் வழவழப்புமாக இரண்டு பக்கம் உள்ள சாணைக்கல்லில் மாதம் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை கல்லில் வைக்கும்போது ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் பள்ளமாகத் தெரியும்; உங்கள் சுத்தியல் விழுந்த இடங்கள் அவை, ஏழெட்டு முறை தீட்டுவதற்குள் சமமாகிவிடும்.